எரிக் யார் மனைவியை நேசிக்கிறான்? ஸ்காண்டிநேவிய மொழிகளின் ‘சின்’

‘எரிக் எல்ஸ்கர் சின் ஃப்ரூ.’ இது சுவீடிஷ் வாக்கியம். எரிக் என்பது ஆள் பெயர், எல்ஸ்கர் என்றால் நேசிக்கிறான், ஃப்ரூ என்றால் மனைவி. எரிக் தன் மனைவியை நேசிக்கிறான். இப்போது நடுவில் இருக்கும் அந்தச் சின்னச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு ‘எரிக் எல்ஸ்கர் ஹன்ஸ் ஃப்ரூ’ என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணப்படி இதிலும் பிழை இல்லை, ஆனால் கேட்கிற சுவீடன்காரர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார், ஏனென்றால் எரிக் இப்போது வேறொருவனின் மனைவியை நேசிக்கிறான்.

சின், ஹன்ஸ் இரண்டையுமே ஆங்கிலத்தில் ‘ஹிஸ்’ என்றுதான் சொல்ல முடியும். அதனால்தான் ஆங்கிலம் வழியாக சுவீடிஷ், நார்வேஜியன், டேனிஷ் படிக்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது இடறுகிறார்கள். நான் சுவீடிஷ் தொடங்கியபோது கையில் இருந்தது ஆங்கிலப் பாடநூல், அதில் இந்தச் சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கம் விளக்கம், எழுவாயைக் குறிக்கும் தற்சுட்டு உடைமைச் சொல் அது இது என்று. இரண்டு தடவை படித்தும் மனதில் ஒட்டவில்லை. மறுநாள் பேருந்தில் போகும்போது அதே வாக்கியத்தைச் சும்மா தமிழில் சொல்லிப் பார்த்தேன். எரிக் *தன்* மனைவியை நேசிக்கிறான், எரிக் *அவன்* மனைவியை நேசிக்கிறான். அவ்வளவுதான் விஷயம்! நம் வீட்டிலேயே இருக்கிற சொல்லை வெளியே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆக இந்தக் கட்டுரைக்கு ஆங்கிலம் வேண்டாம், தமிழ் போதும். சின் என்றால் தன். ஹன்ஸ் என்றால் அவனுடைய, ஹென்னெஸ் என்றால் அவளுடைய, தேராஸ் என்றால் அவர்களுடைய. வாக்கியத்தின் எழுவாய் எவரோ அவருக்கே அந்தப் பொருள் சொந்தம் என்றால் சின், வேறு யாருக்காவது சொந்தம் என்றால் மற்றவை. ‘அந்த மனிதன் சின் பணப்பையை எடுத்தான்’ என்றால் சட்டைப் பைக்குள் கை விட்டுத் தன்னுடையதை எடுத்தான். ‘ஹன்ஸ் பணப்பையை எடுத்தான்’ என்றால் போலீசைக் கூப்பிட வேண்டியதுதான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நாம் ‘நான் தன் மனைவியை’ என்று சொல்வதில்லை, ‘நான் என் மனைவியை’ என்றுதான் சொல்கிறோம். ‘நீ உன் புத்தகத்தை’, ‘நாங்கள் எங்கள் வீட்டை’. படர்க்கைக்கு மட்டும்தான் தன். ஸ்காண்டிநேவிய மொழிகளிலும் அப்படியே: நானுக்கு ‘மின்’, நீக்கு ‘தின்’, படர்க்கைக்கு மட்டும் ‘சின்’. இதை எல்லா மொழிக்கும் பொதுவான விதி என்று நினைத்துவிடாதீர்கள். ரஷ்ய மொழியின் ‘ஸ்வோய்’ நான், நீ, அவன் என்று யாருக்கும் வரும், இந்தியின் ‘அப்னா’வும் அப்படித்தான். இந்த விஷயத்தில் சுவீடிஷ்காரர்களுக்குப் பக்கத்தில் நிற்பது நாம்தான்.

சரி, அப்படியானால் தன் வருகிற இடத்தில் எல்லாம் சின் போட்டால் போதுமா? போதாது. மூன்று இடங்களில் வழி பிரிகிறது.

முதலாவது, சின் என்ற சொல் உருவம் மாறும். தமிழில் தன் கார், தன் வீடு, தன் பிள்ளைகள், எதற்கும் ஒரே ‘தன்’தான். உடையவர் பலரானால் ‘தங்கள்’, மரியாதைக்கு ‘தம்’ என்று மாறுமே தவிர, உடைமைப் பொருள் என்ன என்பதைத் தமிழ் கண்டுகொள்வதில்லை. சுவீடிஷ் நேர் எதிர். உடையவர் ஆணா பெண்ணா ஒருவரா பலரா என்று சின் பார்ப்பதே இல்லை, உடைமைப் பொருள் எந்தப் பால், எந்த எண் என்றுதான் பார்க்கும். கார் பொதுப்பால், ஆகவே ‘சின் பீல்’. வீடு அவர்கள் மொழியில் அஃறிணைப்பால் மாதிரியான ஒரு வகை, ஆகவே ‘சித் ஹூஸ்’. பிள்ளைகள் பன்மை, ஆகவே ‘சீனா பார்ன்’. எரிக்கின் வீடானாலும் அவன் தங்கை அன்னாவின் வீடானாலும் சித் ஹூஸ்தான். 2015-இல் சுவீடிஷ் அகாதெமியின் சொற்பட்டியலில், ஆண் பெண் என்று பிரித்துச் சொல்லாத ‘ஹென்’ என்ற சுட்டுப்பெயர் சேர்ந்தபோது அதற்கு ஒரு புதிய ‘தன்’ தேவைப்படவே இல்லை, ஏனென்றால் உடையவரின் பாலைச் சின் ஒருபோதும் சொன்னதில்லை.

ஆனால் ஹன்ஸ் மாறாது. ஹன்ஸ் பீல், ஹன்ஸ் ஹூஸ், ஹன்ஸ் பார்ன். எனக்கு இது முதலில் விசித்திரமாக இருந்தது, பக்கத்துப் பக்கத்துச் சொற்கள், ஒன்று பொருளுக்கேற்ப வளைகிறது, மற்றது கல் மாதிரி நிற்கிறது. காரணம் பிறப்பில் இருக்கிறது. ஹன்ஸ் என்பது ‘ஹன்’ (அவன்) என்ற சொல்லின் ஆறாம் வேற்றுமை, அதாவது ‘அவனது’. வேற்றுமை உருபு சேர்ந்து முடிந்துபோன சொல்லுக்கு அடுத்து வருவதைப் பார்த்து மாற வேண்டிய வேலை இல்லை. சின் பிறப்பிலேயே ஒரு பெயரடை. சிவப்பு, பெரிய போன்ற பெயரடைகள் அந்த மொழிகளில் பொருளின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுகின்றன அல்லவா, அதே சட்டம்தான் இதற்கும். இதைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

நார்வேயில் இன்னொரு உருவமும் இருக்கிறது. அங்கே பெண்பால் இன்னும் உயிரோடு இருப்பதால் புத்தகம் போன்ற பெண்பால் சொற்களுக்கு ‘சீ’ வரும். அதுவும் பெரும்பாலும் பின்னால் வரும்: ‘பீலென் சின்’, ‘பூகா சீ’. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் ‘கார் தன்’, ‘புத்தகம் தன்’. முன்னால் வைத்து ‘சின் பீல்’ என்று சொன்னாலும் தவறில்லை, கொஞ்சம் எழுத்து வாடை அடிக்கும், அல்லது ‘வேறு யாருடையதும் இல்லை, *தன்* கார்’ என்று அழுத்துவது போல இருக்கும்.

இரண்டாவது பிரிவு, எழுவாய்க்குள் சின் வரவே கூடாது. ‘எரிக்கும் அவன் மனைவியும் வந்தார்கள்’ என்பதில் எரிக்கின் சொந்த மனைவிதான், ஆனாலும் அங்கே ஹன்ஸ். காரணம் எளிது. சின் எழுவாயைத் திரும்பிப் பார்க்கும் சொல், தானே எழுவாய்க்குள் உட்கார்ந்துகொண்டால் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? தமிழும் இங்கே பெரும்பாலும் ‘அவன் மனைவியும்’ என்றுதான் போகிறது, ஆகவே தமிழ்க் காதை நம்பினால் தப்பிக்கலாம். ஆனால் புதிதாகப் படிக்கிறவர்கள் ‘சொந்தம் என்றால் சின்’ என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இங்கே சின் போட்டுவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வில் அதிகம் சிவப்பு மை விழுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் நம் காதும் ஏமாறும் இடம். ‘தன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று எரிக் சொன்னான்.’ தமிழில் இது வெகு இயல்பான வாக்கியம். ‘என்று’ போட்டு ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தை அடைத்திருக்கிறோம், உள்ளே இருக்கும் தன் வெளியே இருக்கும் எரிக்கைத் தொடுகிறது. சுவீடிஷ் இதை அனுமதிக்காது. உள்வாக்கியத்துக்கு எழுவாய் மனைவி, சின் அந்த வேலியைத் தாண்டி வெளியே போய் எரிக்கைப் பிடிக்க முடியாது, ஆகவே ‘ஹன்ஸ் ஃப்ரூ’ என்றே சொல்ல வேண்டும். கேட்பவர் அது யாருடைய மனைவி என்று சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நம் தன் நீளக் கயிற்றில் கட்டிய மாடு, எட்டிப் போய் மேயும். அவர்கள் சின் தன் வாக்கியத்துக்குள்ளேயே நிற்கும்.

இதில் ஒரு அழகான விதிவிலக்கு, ஐஸ்லாந்து. நார்வேயிலிருந்து கடல் கடந்து போனவர்கள் கொண்டுபோன மொழி அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மிகக் குறைவாகவே மாறியிருக்கிறது. ‘மரியா தன்னைக் காதலிப்பதாக யோன் சொல்கிறான்’ என்ற வாக்கியத்தில் தன்னை என்பது யோனை. ஐஸ்லாந்து மொழியிலும் இதே இடத்தில் ‘சிக்’ (தன்னை) என்று போட்டு யோனைக் குறிக்க முடியும், உள்வாக்கியத்தின் வினை ‘சொல்கிறான், நினைக்கிறான்’ வகைக்குரிய தனி வடிவத்தில் இருந்தால் போதும். மொழியியல் படிக்கிறவர்கள் பல பத்தாண்டுகளாக அலசிவரும் வாக்கியம் இது. நமக்கோ அது ‘என்று சொன்னான்’ போட்ட சாதாரணப் பேச்சு.

டேனிஷ் பக்கம் ஒரு சிக்கல். எழுவாய் பன்மையானால் டேனிஷில் சின் கிடையாது. ‘அவர்கள் தங்கள் பிள்ளைகளை நேசிக்கிறார்கள்’ என்பதற்கு சுவீடிஷ்காரர் ‘சீனா பார்ன்’ என்பார், நார்வேக்காரர் ‘பார்னா சீனெ’ என்பார், டேனிஷ்காரர் மட்டும் ‘அவர்களுடைய’ என்பதற்கான சொல்லையே போடுவார். தங்கள் பிள்ளைகளா, பக்கத்து வீட்டாரின் பிள்ளைகளா என்பது வாக்கியத்தில் தெரியாது. சுவீடிஷ் தெரிந்து டேனிஷுக்குத் தாவுகிறவர்கள் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது.

இனி இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் யெல்லிங் என்று ஒரு சிற்றூர். அங்கே தேவாலயத்தின் வாசலில் ரூன் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் செதுக்கிய இரண்டு கற்கள் நிற்கின்றன, வெயில் மழை படாமல் கண்ணாடிக் கூண்டு போட்டிருக்கிறார்கள். பெரிய கல்லை சுமார் 965-ஆம் ஆண்டுவாக்கில் ஹரால்ட் மன்னன் நிறுத்தினான். நீலப்பல் ஹரால்ட் என்று பட்டப்பெயர் கொண்டவன் அவன், உங்கள் கைபேசியில் இருக்கும் புளூடூத் அவன் பெயர்தான், அதன் சின்னம்கூட அவன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை ரூன் வடிவில் ஒட்டவைத்தது. அந்தக் கல்லில், தன் தந்தை கோர்ம் நினைவாகவும் தன் தாய் தீரா நினைவாகவும் இதைச் செய்யச் சொன்னதாக இருக்கிறது. தன் தந்தை என்ற இடத்தில் ‘ஃபதுர் சின்’. தன் தாய் என்ற இடத்தில் ‘முதுர் சீனா’. அதே சின், அதே சீனா! தொடர்ந்து, டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் *தனக்கென* வென்ற ஹரால்ட் என்று வருகிறது, அந்தத் ‘தனக்கு’ம் இதே வேரில் பிறந்த ‘சேர்’ என்ற சொல். பக்கத்தில் உள்ள சிறிய கல் அதற்கும் முந்தியது, கோர்ம் மன்னன் தன் மனைவி தீராவுக்காக நிறுத்தியது. டென்மார்க் என்ற பெயரை அந்த மண்ணிலேயே பொறித்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அதிலும் ‘குனு சீனா’, தன் மனைவி. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசன் தன் மனைவி என்று சொன்ன அதே சொல்லைத்தான் இன்று எரிக்கும் சொல்கிறான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? கல்லில் சீனா என்பது தாய்க்கு வருகிறது, அதாவது பெண்பால் ஒருமை, இரண்டாம் வேற்றுமை வடிவம். இன்றைய சுவீடிஷில் சீனா என்பது பன்மை. ஸ்காண்டிநேவிய மொழிகளின் மூதாதையான பழைய நார்ஸ் மொழியில் சின் ஒவ்வொரு பாலுக்கும் எண்ணுக்கும் வேற்றுமைக்கும் தனித்தனி வடிவம் வைத்திருந்தது, பிறகு ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகள் தவிர மற்ற இடங்களில் பேச்சுமொழியில் வேற்றுமைகள் பெரும்பாலும் உதிர்ந்துபோக, மூன்று நான்கு வடிவங்கள் மட்டும் மிஞ்சின. எங்கோ ஒரு மூலையில் பழையது ஒட்டிக்கொண்டும் இருக்கிறது: ‘தக்க காலத்தில்’ என்று சொல்ல சுவீடிஷில் ‘ஈ சினொம் தீத்’ என்பார்கள். அந்த ‘சினொம்’ பழைய நான்காம் வேற்றுமையின் எச்சம், இந்தத் தொடரில் தவிர வேறெங்கும் எளிதில் காண முடியாது.

கல்லுக்கும் பின்னால் போனால், 4-ஆம் நூற்றாண்டில் கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பைபிளை மொழிபெயர்த்தபோது அங்கேயும் ‘சீன்ஸ்’ என்று இதே சொல், இதே ‘தன்’ பொருளில் இருக்கிறது. ஜெர்மனில் இன்று இருக்கும் ‘சைன்’ இதன் உடன்பிறப்புதான், ஆனால் அது ‘தன்’ என்ற கூர்மையை இழந்து வெறும் ‘அவனுடைய’ ஆகிவிட்டது, ஜெர்மன் எரிக் யார் மனைவியை நேசிக்கிறான் என்பது வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. பழைய ஆங்கிலத்திலும் பாட்டுகளில் இந்தச் சொல் இருந்தது, பிறகு வழக்கொழிந்தது. இருந்த சொல்லைத் தொலைத்துவிட்ட மொழி வழியாகத்தான் நாம் இந்தச் சொல்லைப் படிக்கப் பார்க்கிறோம்.

இன்னும் ஆழத்தில், இந்தோ ஐரோப்பிய மொழிகளின் பொது மூதாதையில், ‘சே’, ‘ஸ்வெ’ என்று மறுகட்டமைக்கப்படும் ஒரு வேர் இருக்கிறது, பொருள் ‘தான், தன்’. லத்தீனில் அது ‘சுவுஸ்’, ரஷ்ய மொழியில் ‘ஸ்வோய்’, சமஸ்கிருதத்தில் ‘ஸ்வ’. அந்த ஸ்வ நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள். சுயம், சுதேசி, சுயமரியாதை, சுபாவம் எல்லாம் அதன் வழியாகத் தமிழுக்கு வந்தவை. சுதந்திரம் என்பதே ஸ்வ-தந்திரம். ஆக யெல்லிங் கல்லின் சீனாவும் நம் சுயமரியாதையின் முன்பாதியும் தூரத்து உறவு. ‘தன்’ அந்தக் குடும்பம் இல்லை, அது திராவிடச் சொல், சின்னோடு அதற்கு ரத்த உறவு கிடையாது. வேலை ஒன்று, பிறப்பு வேறு. இதைக் குழப்பிக்கொண்டு தமிழிலிருந்துதான் சின் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சுவீடன் என்ற பெயர்கூட இங்கே வந்து சேர்கிறது. அவர்கள் தங்கள் நாட்டை ‘ஸ்வேரியெ’ என்பார்கள், ஸ்வேயர்களின் அரசு என்று பொருள். ரோமானிய எழுத்தாளர் டாசிட்டஸ் சுமார் கி.பி. 98-இல் இவர்களை ‘சுயோனெஸ்’ என்று குறிப்பிடுகிறார். அந்த இனப்பெயரும் இதே ஸ்வெ வேரிலிருந்து வந்தது, ‘நம்மவர், சொந்த இனத்தார்’ என்று பொருள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

நார்வேயில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. ‘காரி சின் பீல்’ என்று கேட்டால் என்ன நினைப்பீர்கள்? காரி ஒரு பெண். ‘காரி தன் கார்’? இல்லை, ‘காரியோட கார்’. இங்கே சின் திரும்பிப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு நம் ‘உடைய’, ‘ஓட’ மாதிரி வெறும் உருபாகிவிட்டது. ‘யார் முறை?’ என்று கேட்க ‘வெம் சின் தூர்’ என்பார்கள், வெம் என்றால் யார். இது பழைய நார்ஸ் சொத்து அல்ல. பெர்கன் துறைமுகத்தில் 14-ஆம் நூற்றாண்டு முதல் 1754 வரை ஹன்சா வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மன் வியாபாரிகள் பண்டகசாலை வைத்திருந்தார்கள், வடக்கிலிருந்து வரும் காய்ந்த மீனை வாங்கி, தானியத்தைக் கொடுப்பது அவர்கள் தொழில். அவர்களுடைய கீழ் ஜெர்மனில் ‘அப்பா சீன் வீடு’ என்பது போன்ற அமைப்பு சாதாரணம். அது மேற்கு, வடக்கு நார்வேப் பேச்சில் இறங்கி அங்கிருந்து பரவியது. அந்த ஜெர்மன்காரர்களை ஊர்க்காரர்கள் ‘கார்ப்’ என்று அழைத்தார்கள், அதனால் இதற்கு ‘கார்பெ கெனிதீவ்’, அதாவது கார்ப்புகளின் வேற்றுமை என்று பெயர். 1980-களில் வட நார்வேயின் மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போன ஈழத்தமிழர்கள் காதில் விழுந்த பேச்சிலும் இந்தச் சின் நிறைய இருந்திருக்கும். பாடநூல் ஒன்று சொல்ல ஊர் ஒன்று பேசுகிறதே என்று திகைக்க வேண்டாம், இரண்டு சின்னும் சரிதான், வருகிற இடத்தைப் பாருங்கள்: உடையவர் பெயரை ஒட்டி நின்றால் ‘ஓட’, இல்லையென்றால் ‘தன்’.

படர்க்கைக்கு மட்டும்தான் சின் என்று மேலே சொன்னேன், அதற்கும் ஒரு விலக்கு இருக்கிறது. சுவீடிஷில் ‘வார்சின்’ என்று ஒரு சொல், ‘ஆளுக்கொரு’ என்று பொருள். நாலு பேர் கடைக்குப் போய் ‘நாங்கள் ஆளுக்கொரு பன் வாங்கினோம்’ என்று சொல்ல, நாங்கள் என்ற தன்மைப் பன்மையோடும் வார்சின் தாராளமாக வரும். ஆப்பிள் என்றால் அது வேறு பால், ‘வார்சித்’.

கடைசியாக, ‘தன்னை’ என்ற வடிவம். பழைய நார்ஸில் ‘சிக்’. இன்று சுவீடிஷில் எழுதுவது ‘சிக்’ மாதிரி, படிப்பது ‘செய்’. இந்தச் சொல் வினைச்சொற்களின் வாலில் தொற்றிக்கொண்டு, தேய்ந்து தேய்ந்து வெறும் ‘ஸ்’ ஆனது. ஸ்டாக்ஹோம் மெட்ரோவில் கதவு மூடும்போது ‘தொர்ரார்னா ஸ்தெங்ஸ்’ என்று அறிவிப்பு வரும், கதவுகள் மூடப்படுகின்றன. ஸ்தெங் என்றால் மூடு, அந்த வால் ‘ஸ்’ஸில் இருப்பது பழைய ‘தன்னை’. அதே வால் ‘ஒருவரை ஒருவர்’ என்ற பொருளிலும் வரும். இரண்டு பேர் விடைபெறும்போது சுவீடிஷில் ‘வீ சேஸ்’ என்று சொல்லிக்கொள்வார்கள். வீ என்றால் நாம், சே என்றால் பார், ஒரு ‘ஸ்’. நம் ஊரில் ‘போய் வருகிறேன்’ என்கிற இடத்தில், நாம் ஒருவரை ஒருவர் பார்ப்போம்.